எண் ஐம்பதும் காவிக் கல்லும்: வெயில் காப்புக் களிம்பின் வரலாறு

நாம் பணிபுரியும் தமிழ்த்துறையில் சக பேராசிரியை ஒருவருக்கு இரு கன்னங்களிலும் மங்கு படர்ந்திருந்தது. எஸ்.பி.எஃப். 50 என்று அச்சிட்ட சன்ஸ்கிரீன் ஒன்றை ஓராண்டுக் காலம் நாள் தவறாமல் பூசிவந்தார். மங்கு மறையவில்லை, சற்றே கருமை கூடியதுபோலவும் தோன்றியது. "ஐயா, முப்பதைவிட ஐம்பது உயர்ந்தது என்றுதானே சொன்னார்கள்? பிறகு ஏன் இப்படி?" என்று ஒருநாள் வினவினார். நம்மிடம் விடை இல்லை. ஒரு சொல்லின் பொருள் விளங்காதபோது அது பிறந்த இடத்தைத் தேடிச் செல்வது இலக்கியம் பயின்றவர் வழக்கம். அவ்வாறே அந்த ஐம்பது என்னும் எண் பிறந்த இடத்தைத் தேடிப் புறப்பட்டோம். கிடைத்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிவக்கும் தோலின் கதை

1801ஆம் ஆண்டு, ஜெர்மனியின் யேனா நகரில் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர் என்னும் அறிஞர், நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத பகுதியில் வைத்த வெள்ளிக் குளோரைடு விரைந்து கருமையடைவதைக் கண்டார். புற ஊதாக் கதிர் அறியப்பட்டது இவ்வாறுதான். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பவுல் உன்னா, கடலோடிகளின் தோலில் தோன்றும் தடிப்பையும் புற்றையும் வெயிலோடு தொடர்புபடுத்தி 1894இல் எழுதினார். ஆக, வெயிலின் தீங்கு முதலில் உழைப்பாளிகளின் நோயாகவே அறியப்பட்டது.

1920களில் காட்சி மாறியது. அதுவரை ஐரோப்பாவில் வெயிலில் கறுத்த முகம் வயலில் உழைப்பவரின் அடையாளம். இப்போதோ கடற்கரையில் ஓய்வாகப் படுத்துத் தோலைப் பழுப்பாக்கிக்கொள்வது செல்வத்தின் அடையாளமாயிற்று. ஆனால் வெள்ளைத் தோல் பழுப்பதற்கு முன் கன்றிச் சிவந்து உரிந்துவிடும். சிவக்காமல் பழுக்க வேண்டும். இதுவே அன்றைய தேவை. 1930களின் நடுவில் பிரான்சில் லோரியல் நிறுவனர் யூஜீன் ஷூல்லர் விற்பனைக்குக் கொணர்ந்த அம்ப்ர் சொலேர் எண்ணெய் அத்தேவைக்கென்றே பிறந்தது. அதிலிருந்த பென்சைல் சாலிசிலேட், தோலைச் சிவக்கச் செய்யும் கதிரைத் தடுத்தது. பழுக்கச் செய்யும் கதிரைப் பெரிதும் உள்ளே விட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் பூசிய செந்நிறப் பெட்ரோலியக் களிம்பும், ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் வெயிலால் கன்றிப்போன ஆஸ்திரிய வேதியியலர் ஃபிரான்ஸ் கிரைட்டர் 1946இல் ஆக்கிய பனிமலைக் களிம்பும் வெந்து சிவக்கும் தோலைக் காக்கவே தோன்றின.

ஐம்பது எதனை அளக்கிறது?

எஸ்.பி.எஃப். என்னும் அளவை முறைக்கு 1956இல் ஜெர்மானியரான ருடால்ஃப் ஷுல்ட்சே அடிகோலினார். 1974இல் கிரைட்டர் அதனைப் பரவலாக்கினார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1978இல் அதனை ஏற்றது. முறை எளியதே. முதுகில் ஒரு பகுதியை வெறுமனே விட்டு, மற்றொரு பகுதியில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் களிம்பு பூசி, செயற்கைக் கதிரைப் பாய்ச்சுவர். பூசிய தோல் சிவக்க, வெறுந்தோலைவிட எத்தனை மடங்கு கதிர் தேவைப்படுகிறதோ அதுவே அந்த எண். எஸ்.பி.எஃப். 30 இக்கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 ஏறத்தாழ 98 விழுக்காட்டையும் தடுக்கின்றன. வேறுபாடு அவ்வளவே. அதுவும் சோதனையில் பூசிய அளவுக்குப் பூசினால்தான். நம்மில் பெரும்பாலோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை.

யாருடைய முதுகு என்பதே அடுத்த வினா. 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், வெயிலில் எளிதில் கன்றுமா, பழுக்குமா என்பதைக் கொண்டு தோலை வகைப்படுத்தினார். தொடக்கத்தில் அவர் வகுத்தவை நான்கும் வெள்ளைத் தோலுக்கு உரியவை. பழுப்பு, கறுப்புத் தோல்கள் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னரே சேர்க்கப்பட்டன. எஸ்.பி.எஃப். சோதனைக்கு அழைக்கப்படுவோரோ முதல் மூன்று வகையினர். கருந்தோலில் சிவப்பைக் கண்டறிவது அரிது என்பதே காரணம். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. ஆயினும், அந்த எண் வெளிர்ந்த தோல் ஒன்றின் சிவப்பை அளக்கிறதேயன்றி, நம் பேராசிரியையின் கன்னத்துக் கருமையை அளக்கவில்லை என்பது இங்கே விளங்குகிறது.

எண் சொல்லாத கதிர்கள்

தோலைச் சிவக்கச் செய்வது பெரும்பாலும் 290 முதல் 320 நானோமீட்டர் வரையுள்ள யு.வி.பி. கதிர். 320 முதல் 400 வரையுள்ள யு.வி.ஏ. கதிர் தோலில் ஆழமாக இறங்கிக் கருமையையும் சுருக்கத்தையும் தருவது. சன்னல் கண்ணாடியையும் அது கடந்து வரும். பழைய வடிப்பான்கள் பெரும்பாலும் முன்னதையே தடுத்தன. 1943இல் காப்புரிமை பெற்ற பாபா என்னும் அமிலமும் அவ்வகையே. ஒவ்வாமை தந்ததாலும் துணியில் மஞ்சள் கறை படியச் செய்ததாலும் 1980களில் அது வழக்கொழிந்தது.

யு.வி.ஏ. கதிருக்குரிய அவோபென்சோன் 1978இல் ஐரோப்பாவில் ஏற்கப்பட்டது. வெயிலைத் தடுக்க வந்த இது, வெயில் பட்டால் தானே சிதையும் இயல்புடையது. அதனால் ஆக்டோகிரைலீன் போன்றதொரு துணைப்பொருள் அதனைத் தாங்கிநிற்க வேண்டும். பின்னர் வந்த பெமோட்ரிசினால் இருவகைக் கதிரையும் தடுத்து, எளிதில் சிதையாமலும் நிற்கிறது. ஜப்பானியர் 1996இல் கொணர்ந்த பி.ஏ. குறியீடு நமக்கு இன்னும் நெருக்கமானது. அது அளப்பது தோலின் சிவப்பையன்று, கருமையை. 2013 முதல் அதன் உச்சம் நான்கு கூட்டற்குறிகள்.

எனினும் கதை இங்கு முடியவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நெடுநாள் நிற்கும் கருமையைப் பழுப்புத் தோலில் உண்டாக்குகிறது என்றும், மிக வெளிர்ந்த தோலில் அவ்வாறு உண்டாக்குவதில்லை என்றும் 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. கண்ணாடிபோல் தெளிந்து படரும் களிம்பு எதுவும் இவ்வொளியைத் தடுக்க இயலாது. முகத்தைப் பிறர் காண முடிகிறதென்றால், ஒளி அங்கே போய்த் திரும்புகிறது என்றுதானே பொருள்?

வெள்ளைப் பூச்சும் காவியும்

தென்னாப்பிரிக்கப் பந்துவீச்சாளர் ஆலன் டொனால்ட், முகத்தில் வெள்ளைப் பூச்சுடன் ஓடிவந்த காட்சி நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். அது துத்தநாக ஆக்சைடு. அதனுடைய இணை டைட்டானியம் டைஆக்சைடு. இவை கண்ணாடிபோல் கதிரைத் திருப்பி அனுப்புவதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் புற ஊதாவைப் பெரும்பாலும் உறிஞ்சியே தடுக்கின்றன. கரடான துகள்கள் ஓரளவு கண்ணுறு ஒளியையும் சிதறடித்தன. அவ்வெண்மையே அதற்குச் சான்று. வெண்மை அழகன்று எனக் கருதி, 1990களில் துகள்களை நுண்ணியதாக்கினர். வெண்மை போயிற்று, கண்ணுறு ஒளிக்கான தடையும் உடன் போயிற்று.

அவ்விடத்தை இன்று நிரப்புவது இரும்பு ஆக்சைடு. வேறொன்றுமில்லை, நம் காவிக் கல்லின் நிறப்பொருளே. சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மூவகை இரும்பு ஆக்சைடுகளைக் கலந்து தோல் நிறத்துக்கு இசைவிக்கின்றனர். நமீபியாவின் ஹிம்பா பெண்கள் வெண்ணெயில் செங்காவி குழைத்து உடலெங்கும் பூசுவதை இங்கே நினைவுகூரலாம். 2014இல் மெக்சிகோவில் மங்கு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இரும்பு ஆக்சைடு சேர்ந்த களிம்பைப் பூசியோர் புற ஊதாவை மட்டும் தடுக்கும் களிம்பைப் பூசியோரைவிட நல்ல பயன் பெற்றனர்.

எத்தோலுக்கு எது?

மங்கும் கரும்புள்ளியும் உடையோர்க்கு இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள களிம்பே முதல் தேர்வு. எரிச்சலும் ஒவ்வாமையும் எளிதில் காணும் தோலுக்குத் துத்தநாகம், டைட்டானியம் ஏற்றவை. ஆனால் நிறம் சேராதபோது மாநிறத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். எண்ணெய் வழியும், பரு காணும் முகத்துக்குப் பெமோட்ரிசினால் போன்ற புதிய வடிப்பான்கள் கொண்ட இலேசான ஜெல் உகந்தது. அவோபென்சோன் கொண்டவை சிலர்க்குக் கண்ணெரிச்சல் தரும். மூட்டுவலிக்குக் கீட்டோபுரோஃபென் தடவி ஒவ்வாமை கண்டவர்கள் ஆக்டோகிரைலீனைத் தவிர்ப்பது நலம். எதுவாயினும் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமலும், வெளியில் இருக்கையில் இரண்டு மணிக்கொருமுறையும் பூச வேண்டும்.

சில வேதி வடிப்பான்கள் குருதியில் கலப்பதை 2019, 2020 ஆண்டுகளில் வெளியான அமெரிக்க ஆய்வுகள் காட்டின. கலப்பது வேறு, தீங்கு விளைவது வேறு. ஆயினும் 2019இல் அந்நாட்டு நிர்வாகம் முன்வைத்த வரைவில், மேலும் தரவு வேண்டாமலே பாதுகாப்பானவை எனப் பட்டியலிடப்பட்டவை துத்தநாகமும் டைட்டானியமும் மட்டுமே. மறுபுறம், ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை 1,600க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, நாள்தோறும் பூசியவரிடம் ஒருவகைத் தோல்புற்று ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததை நிறுவியது. ஆகவே களிம்பு வீண் என்று ஒதுக்குவதும் பிழை. கருந்தோலில் அப்புற்று அரிது; ஆனால் முகத்தில் படரும் கருமை அரிதன்று. அதனால் கூனிக்குறுகும் பெண்கள் நம் வகுப்பறைகளிலும் உளர்.

பேராசிரியை பின்னர்த் தோல் மருத்துவரிடம் சென்றார். அவரும் நிறமுள்ள களிம்பையே எழுதிக்கொடுத்து, மருந்தும் தந்தார். ஆறு திங்களில் மங்கு முற்றும் மறையவில்லை, ஆனால் வெளிறியிருக்கிறது. இப்போது எதனை வாங்கினாலும் அவர் அட்டையின் முன்பக்க எண்ணைப் பார்ப்பதில்லை. பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைத்தான் கண்ணாடி அணிந்து படிக்கிறார். நண்பர்களும் அவ்வாறே படிக்க வேண்டுகிறோம்.