கோடியும் தெருக்கோடியும்

களக்காட்டில் வழி கேட்டால் "தெருக்கோடியில திரும்புங்க" என்பார்கள். துட்டி வீட்டில் பிறந்த வீட்டார் கோடித் துணி போடுவார்கள். ஏத்தன் வாழையில் நல்ல விலை பார்த்தவரைக் கோடீஸ்வரன் என்று கேலி பேசுவதும் உண்டு. இந்த மூன்றில் துணியை முதலில் விலக்கிவிடலாம். 'புதியது' என்று பொருள்படும் அந்தக் கோடி தனிச்சொல். மலைக்கு அந்தப் பக்கம் ஓணக்கோடி என்பதும் அதுதான். மற்ற இரண்டும் ஒரே சொல்.

பேரெண்களுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப் பெயர்களைத் தொல்காப்பியம் குறிக்கிறது. உரைகாரர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று எடுத்துக்காட்டுவார்கள். குளத்துப் பூவை எண்ணாக்கிய அழகு அது. ஆனாலும் வழக்கில் நின்றது கோடிதான். திருக்குறளிலேயே அது பல இடங்களில் வந்துவிடுகிறது.

வடமொழியில் கோடி என்றால் நுனி, வில்லின் முனை. தனுஷ்கோடி அப்படி வந்த பெயர். எண்ணிக்கொண்டே போய் நிற்கும் முனையும் கோடி ஆயிற்று என்று கொள்ளலாம். யஜுர்வேதத்தின் பேரெண் பட்டியலில் கோடியின் இடத்தில் இருந்தது அர்புதம். கி.பி. 499 வாக்கில் ஆரியபடர் எழுதிய ஆரியபடீயத்திலோ அந்த இடம் கோடிக்கு. அர்புதம் பத்துக் கோடிக்கு ஏறிவிட்டது.

அதே நூலின் கணிதபாதத்தில் கோடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. செங்கோண முக்கோணத்தில் ஒரு பக்கம் புஜம், அதற்குச் செங்குத்தான பக்கம் கோடி, எதிரே கர்ணம். புஜத்தின் வர்க்கமும் கோடியின் வர்க்கமும் சேர்ந்தால் கர்ணத்தின் வர்க்கம். எண்ணான கோடியையும் பக்கமான கோடியையும் ஆரியபடர் முடிச்சுப் போடவில்லை. நாம் போட்டுப் பார்ப்போம். புஜம் 1000, கோடி 3000 என்று வையுங்கள். பத்து லட்சமும் தொண்ணூறு லட்சமும் சேர்ந்து, கர்ணத்தின் வர்க்கம் மிகச் சரியாக ஒரு கோடி!

இந்த இணை மட்டுமல்ல: 120-உம் 3160-உம், 1800-உம் 2600-உம், 1992-உம் 2456-உம் அப்படித்தான். காகிதத்தில் வர்க்கங்களைக் கூட்டிப் பாருங்கள், ஒவ்வொரு இணையும் கோடியில் வந்து நிற்கும். ஐந்தாவது இணை கிடையாது. கோடியைப் பகாக் காரணிகளாக உடைத்தால் ஏழு 2, ஏழு 5. நான்கால் வகுத்தால் 1 மிஞ்சும் பகா எண் 5. அது ஏழு முறை வருவதால், ஏழோடு ஒன்று கூட்டிப் பாதியாக்க, நான்கே வழி. அந்த ஏழு ஒற்றைப்படை என்பதால் கோடிக்கு முழு எண் வர்க்கமூலமும் இல்லை. 3162-இன் வர்க்கம் 99,98,244. அடுத்த எண்ணுக்கே கோடியைத் தாண்டிவிடும். நான்கு முக்கோணங்களிலும் கர்ணம் முழு எண்ணாக அமையாது. முனை என்று பெயர் வாங்கிய எண்ணுக்கு இது பொருத்தம்தான்.

கடல் கடந்த கோடி மலாயில் 'கெத்தி' ஆயிற்று. அங்கே அதன் மதிப்பு வெறும் ஒரு லட்சம். கூடவே போன லட்சமும் 'லக்சா' ஆகிப் பத்தாயிரத்துக்கு இறங்கிவிட்டது.