பெயரின் தொன்மையும் கிழமையின் தொன்மையும்

ஞாயிறு, திங்கள், வெள்ளி ஆகிய சொற்கள் சங்க இலக்கியத்தில் பயில்கின்றன. ஆயினும் அவை அங்குக் கிழமைப் பெயர்களாக வழங்கவில்லை.

ஏழு கிழமைகளின் வரிசை கிரேக்கச் சோதிட மரபில் உருவானது. புவியிலிருந்து மிகத் தொலைவிலுள்ளதாகக் கருதப்பட்ட சனி முதலாக வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோள் தலைமை ஏற்கும். 24 மணி கழிந்தபின் வரும் முதல் மணிக்குரிய கோளே மறுநாளுக்குப் பெயராகும். சனியை அடுத்து ஞாயிறும், ஞாயிற்றை அடுத்துத் திங்களும் வருவது இதனாலேயே.

இவ்வரிசையை ஏற்ற மொழிகள் பெயர்களைத் தத்தம் மரபிலிருந்து எடுத்துக்கொண்டன. செருமானிய மக்கள் உரோமானியரின் மெர்க்குரிக்கு வோடனையும் யூப்பிட்டருக்குத் தோரையும் ஈடாக்கினர். சனிக்கு மட்டும் ஆங்கிலம் உரோமானியப் பெயரையே கொண்டது. தமிழும் தன் பழஞ்சொற்களை ஆண்டு, புதன், சனி என்பனவற்றை வடமொழியிலிருந்து பெற்றது.

இந்தியக் கல்வெட்டுகளில் கிழமை சுட்டும் மிகப் பழைய சான்றாகக் கருதப்படுவது, வியாழக்கிழமையைக் குறிக்கும் கி.பி. 484ஆம் ஆண்டின் ஏரண் கல்வெட்டு. 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தரின் கோளறு பதிகம் கோள்களைக் கிழமை வரிசையிலேயே அடுக்குகிறது. ஆகவே மதுரை எரியுண்ட நாளை வெள்ளிக்கிழமை எனக் கூறும் சிலப்பதிகாரக் கட்டுரை காதையின் குறிப்பு கால ஆய்வில் எடை மிக்கது. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அந்நாளைக் கணித்துக் கி.பி. 756 எனக் கொண்டார். அம்முடிபைப் பலர் ஏற்கவில்லை. எனினும் அதனை மறுப்போர், வெள்ளி என்னும் சொல்லின் பழமையைச் சான்றாகக் காட்டுதல் போதாது. ஏழுநாள் முறை தமிழகத்தில் வேரூன்றிய காலத்தையே நிறுவுதல் வேண்டும்.