மனிதன்: விலங்கினத்தில் அவன் ஸ்தானம்

மனிதனைப் பிராணிகளின் அட்டவணையிலேயே சேர்த்து எழுதும் துணிவை, ஸ்வீடன் தேசத்து இயற்கை நூலறிஞரான லின்னேயஸ் 1735ஆம் ஆண்டிலேயே காட்டினார்; ஆயினும் ஏனைய ஜந்துக்களுக்கு அங்க லக்ஷணங்களை வகுத்துரைத்த அவர், குரங்குக்கு அருகே நிறுத்திய மனிதனுக்கு நேரே மட்டும், தன்னைத் தானே அறிந்துகொள்ளும்படி சொல்லி எழுதுகோலை வைத்துவிட்டது ரஸமான விஷயம். 1758இல் வெளிவந்த பதிப்பில் மனிதன் ஹோமோ சேப்பியன்ஸ் என்ற பெயருடன் பிரைமேட் வரிசையில் இடம்பெற்றான்; வௌவாலும் அப்போது அவ்வரிசையில்தான் இருந்தது. ஓரறிவுடைய புல் முதல் ஆறறிவுடைய மக்கள் ஈறாக உயிர்களை ஒரே கிரமத்தில் அடுக்கிய தொல்காப்பிய மரபியலைப் பயின்றவர்க்கு இதில் அதிர்ச்சி அதிகமிராது.

உடலொப்புமையினும் மனவொப்புமையே பெரும் விவாதத்துக்குரியதாயிற்று. 1838 மார்ச் மாதத்தில் லண்டன் மிருகக்காட்சி சாலைக்குச் சென்ற சார்லஸ் டார்வின், அங்கிருந்த ஜென்னி என்னும் ஒராங்குட்டானுக்குக் காவலாளி ஆப்பிளைக் காட்டிக் கொடாதிருந்தபோது, அது மல்லாந்து விழுந்து, காலை உதைத்து, அடம்பிடிக்கும் குழந்தையைப் போலவே அழுததையும், அழுகையை நிறுத்தினால் பழம் கிடைக்குமென்று அவன் சொன்னதும் வெகு பிரயாசையுடன் சிணுங்கலை அடக்கி, பழத்தைப் பெற்று, கைப்பிடி நாற்காலியில் தாவியேறித் திருப்தியாகத் தின்றதையும் தம் சகோதரிக்குக் கடிதத்தில் வர்ணித்தார். மனிதனுக்கும் உயர்நிலை விலங்குகளுக்கும் மனோசக்தியில் உள்ள பேதம் அளவைப் பற்றியதேயன்றி வகையைப் பற்றியதன்று என்று 1871இல் அவர் எழுதிய முடிவுக்கு இத்தகைய காட்சிகளும் துணைநின்றன. அதே மிருகக்காட்சி சாலையில் 1842இல் மற்றோர் ஒராங்குட்டானைக் கண்ட விக்டோரியா மகாராணிக்கோ அதன் மனிதச் சாயலே அருவருப்பாயிருந்தது.