கொழும்புத் தமிழ் இல்லங்களில் திறந்த மூல இயங்குதளம்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ் ஆராய்ச்சியாளர் அச்சியந்திரத்தின் வருகையையும் அதனை ஒட்டி எழுந்த பத்திரிகை, நூல் வெளியீட்டு முயற்சிகளையும் சமூக வரலாற்றின் ஓர் அங்கமாகக் கொண்டு ஆராய்ந்துள்ளனர். கடந்த முப்பது ஆண்டுகளில் நமது எழுத்து வாழ்க்கையின் பெரும்பகுதியைத் தன்னுள் ஈர்த்துக்கொண்ட வீட்டுக் கணினி அத்தகைய கவனத்தைப் பெற்றதெனக் கூறுவதற்கில்லை. அது பொறியியலாளரின் விடயமென ஒதுக்கப்பட்டுவிட்டது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இரு பகுதிகளையும் சிறப்பாக மனத்திற்கொண்டு, வின்டோஸ் என்னும் வணிக இயங்குதளத்தை நீக்கி லினக்ஸ் முதலான திறந்த மூல இயங்குதளங்களை வீட்டுக் கணினியில் நிறுவும் முயற்சி இங்கு எச்சூழலில் எழுந்தது, எவற்றால் தடைப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையும் அதிற் பயன்படும் ஏனைய மென்பொருள்களையும் இணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருளாகும். வணிக நிறுவனங்கள் அதன் மூலநிரலை மறைத்து, பயன்படுத்தும் உரிமையை மாத்திரமே விற்கின்றன. திறந்த மூல இயங்குதளத்திலோ மூலநிரல் யாவருக்கும் கிட்டும். அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ரிச்சர்ட் ஸ்டோல்மன் இக்கொள்கையின் அடிப்படையில் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தது 1983 செப்டெம்பர் 27ஆம் நாளாகும். அவ்வாண்டின் யூலை மாதம் கொழும்புத் தமிழருக்கு எதனைக் குறிக்கின்றதென்பதை இவ்விதழின் வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரண்டுக்குமிடையே தொடர்பு எதுவுமில்லை. எனினும் முன்னையதாற் சிதறுண்ட சமூகமொன்று, இருபது ஆண்டுகளின் பின்னர், பின்னையதன் பயனை நாடும் நிலை ஏற்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1991 ஓகஸ்ட் 25ஆம் நாள் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஓர் இயங்குதளத்தை ஆக்கிவருவதாக அறிவித்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் யூனிகோட் குறியீட்டின் முதற் பதிப்பு வெளிவந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை வகுத்த அம்முறையில் தமிழும் இடம்பெற்றிருந்தது. லினக்ஸும் யூனிகோடும் ஒரே ஆண்டிற் பிறந்தமை தற்செயலே. ஆனால் நமது விடயத்தில் இரண்டையும் பிரித்து நோக்க முடியாது.

இலங்கைக்குக் கணினி வந்தது அரச பொறியியற் கூட்டுத்தாபனத்தின் வாயிலாக, 1967இல். அது இல்லங்களுக்குட் புகுந்தது பிற்பட்ட நிகழ்ச்சி. 1995ஆம் ஆண்டில் இரு மாற்றங்கள் ஏற்பட்டன. இணையம் வணிக அடிப்படையில் நாட்டிற்கு வந்தது. ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பேரளவில் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் வவுனியாவினூடாகக் கொழும்பை அடைந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி, வெளிநாட்டுப் பயணத்தை எதிர்நோக்கியிருந்தனர். காலி வீதியின் இருமருங்கும் 'கொமியூனிக்கேசன்' என்னும் பெயர்ப்பலகைகள் பெருகியமை இதன் விளைவே. கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த பணத்திற் பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கப்பட்ட பொருள்களுள் மேசைக் கணினி ஒன்றாயிற்று. அது நிலைபெற்ற குடும்பத்தின் உடைமை என்பதையும் மறத்தலாகாது. 2007 யூன் 7ஆம் நாள் கொழும்பு விடுதிகளிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். பயணப்பையோடு வாழ்ந்த அத்தகையோருக்கு இணையக் கடையே கணினியாக இருந்தது.

வறிய நாடுகளில் திறந்த மூல மென்பொருள் பரவுவதற்கு அதன் இலவசத் தன்மையே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. கொழும்பைப் பொறுத்தவரை இவ்விளக்கம் பொருந்துமாறில்லை. இங்கு வணிக மென்பொருளும் நடைமுறையில் இலவசமாகவே இருந்தது. கணினி விற்றவரே வின்டோஸையும் அலுவலக மென்பொருளையும் உரிமமின்றி ஏற்றிக் கொடுப்பது வழமை. பிரதி செய்யப்பட்ட இறுவட்டுகள் மலிவாகக் கிடைத்தன. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்குப் பாதுகாப்பளித்தபோதும் வீட்டு வாழ்க்கையை அது பெரிதும் தொட்டதாகத் தெரியவில்லை. இலங்கையிற் பயன்பட்ட மென்பொருள்களில் 84 விழுக்காடு உரிமமற்றவை என, மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பொன்று 2011ஆம் ஆண்டுக்கெனக் கணித்தது. விற்போரே தமது இழப்பைத் தாமே மதிப்பிட்ட கணக்கு அது என்பதால் அதனை எச்சரிக்கையுடனேயே ஏற்க வேண்டும். பாதியாகக் குறைத்துக் கொண்டாலும் நமது வாதத்துக்கு ஊறில்லை. களவுப் பிரதி கைக்கெட்டிய இடத்தில் விலையின்மை எவரையும் ஈர்க்காது. இங்கு லினக்ஸை நிறுவியவர் செலவைக் குறைக்கவில்லை, நேரத்தைச் செலவிட்டனர்.

அச்செலவு சிறிதன்று. ஓர் இறுவட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 700 மெகாபைட். தொலைபேசி வழியே இணையத்தை அடைந்த அக்காலத்தில் அதனைத் தரவிறக்க முப்பது மணித்தியாலத்துக்கு மேலாகும். அத்தனை நேரமும் தொலைபேசி முடங்கிக் கிடக்கும். ரொறன்ரோவிலிருந்து மகனின் அழைப்பை எதிர்பார்த்திருக்கும் தாய் இருந்த வீட்டில் அது இயலுமா? எனவேதான் 2004 ஒக்டோபரில் முதற்பதிப்பு வெளிவந்த உபுண்டு, கேட்போருக்கெல்லாம் இறுவட்டுகளைத் தபாலில் இலவசமாக அனுப்பிய ஏற்பாடு இங்கு முக்கியத்துவம் பெறுகின்றது. 2011ஆம் ஆண்டு வரை அது நீடித்தது. ஒருவர் பெற்ற இறுவட்டு நண்பர் பலரின் கைமாறும். ஆனால் நிறுவிய பின்னரும் இடர் தீர்ந்தபாடில்லை. மலிவான கணினிகளுட் பொருத்தப்பட்டிருந்த மோடம்களிற் பல தமது வேலையின் பெரும்பகுதியை வின்டோஸுக்குரிய மென்பொருளின் தலையிற் சுமத்தும் வகையின. லினக்ஸில் அவை வெறும் பலகைத் துண்டுகளே. இணையத்தினாலேயே வளர்ந்த ஓர் இயங்குதளத்தை நிறுவியவுடன் இணையத் தொடர்பு அற்றுப்போகும். இதனால் வன்தட்டை இரு கூறாக்கி, ஒன்றில் வின்டோஸையும் மற்றதில் லினக்ஸையும் வைத்திருந்த இல்லங்களே மிகுதி. மாற்றம் என நாம் குறிப்பிடுவது பெரும்பாலும் இந்த இரட்டைக் குடித்தனத்தையே.

இம்முயற்சியில் இறங்கியோர் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிற் கணினியியலும் பொறியியலும் பயின்ற மத்தியதர வர்க்கத்து இளைஞராவர். கற்றலார்வமும் நச்சுநிரல்கள் பற்றிய சலிப்பும் அவர்களைத் தூண்டின. 2003இல் லங்கா மென்பொருள் மன்றம் கொழும்பில் நிறுவப்பட்டது. 2004 டிசெம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையை அடுத்து, காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்கென இலங்கைத் தன்னார்வலர் ஆக்கிய சகானா என்னும் திறந்த மூல மென்பொருள், 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதைப் பெற்றது. இங்கு ஆக்கப்பட்டது பிறநாடுகளுக்குப் பயன்படும் என்பதற்கு அது சான்றாயிற்று. எனினும் தமிழ் இல்லத்திற் பிரச்சினையின் மையம் வேறிடத்தில் இருந்தது. அதுவே எழுத்துரு.

யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவில் வாழ்ந்த முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை வடிவமைத்தார் என்பது பலரும் அறிந்தது. தட்டெழுத்துப் பயின்ற தலைமுறையொன்று கணினிக்கு வந்தபோது, அதே விசை ஒழுங்கைத் தழுவிய பாமினி என்னும் எழுத்துரு ஈழத்தவரிடையே பெருவழக்காயிற்று. கலியாண அழைப்பிதழ் முதல் ஆய்விதழ் வரை அதிலேயே அச்சாயின. பாமினியின் உத்தி எளியது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைப்பதே அது. 'தமிழ்' என்ற சொல்லைத் தட்டினால், கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலமாகும். அகரவரிசைப்படுத்தலோ தேடலோ இயலாது. தான் தமிழைக் கையாள்கின்றோம் என்பதையே பொறி அறியாது.

இவ்வகையில் ஒரு கிடுக்கிப்பிடி உருவாயிற்று. கடை, அச்சகம், பத்திரிகை யாவும் வின்டோஸிற் பாமினியையோ அதனையொத்த வேறொன்றையோ பயன்படுத்தின. லினக்ஸிலும் அவ்வெழுத்துருவை நிறுவ முடியும். எனினும் விசைப்பலகை, ஆவண வடிவம், பக்க அமைப்பு என ஒவ்வொன்றிலும் அச்சகத்தோடு முரண்பட நேரும். கையெழுத்துப் பிரதியை அச்சுக்குக் கொடுக்க வேண்டிய எழுத்தாளரோ ஆசிரியரோ தனியே மாறுவதில் என்ன பயன்? களவுப் பிரதியை விட வலிய தளை இதுவே என்பது என் கருத்து.

இதனை உடைக்க இரு வழிகள் ஆராயப்பட்டன. உலகெங்குமிருந்த தமிழர் 1990களின் இறுதியில் மின்னஞ்சல்வழி விவாதித்து வகுத்த டிஸ்கி ஒன்று. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெற் 99 மாநாடு பரிந்துரைத்த டாம், டாப் ஆகியவை மற்றொன்று. பின்னர் இரண்டையும் யூனிகோட் விழுங்கிற்று. லினக்ஸின் கேடிஈ என்னும் திரைச்சூழலைத் தமிழாக்கிய தன்னார்வலர் தொடக்கத்தில் டிஸ்கியைக் கையாண்டு, பின்னர் யூனிகோடுக்கு மாறினர். அப்பணியிற் சொற்றேர்வு பற்றிய பிணக்குகளும் எழாமலில்லை. நாம் இறுவட்டு என்பதைத் தமிழகத்தார் குறுவட்டு என்பர். நாம் நெடுங்காலம் கணனி என்றே எழுதினோம். ஆனால் இப்பிணக்கை நடத்தும் உரிமை மொழியைப் பேசுவோரிடமே இருந்தது என்பது சிறிய விடயமன்று. வணிக இயங்குதளத்திற் கலைச்சொல் எது என்பதை நிறுவனம் முடிவு செய்யும். எனினும் நியாயமாகக் கூறுவதாயின், வின்டோஸும் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே யூனிகோட் தமிழைக் காட்டியது. அக்காலத்து லினக்ஸில் கொம்பும் புள்ளியும் இடம்மாறி நின்றதைப் பலர் நினைவுகூர்வர்.

2005 ஜனவரியிற் தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்து மின்னூலகம் இம்மாற்றத்தின் பயனை நன்கு உணர்த்துகின்றது. 1981இல் எரியுண்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் நினைவு அதன் பின்னணியில் உண்டு. அதன் பட்டியல் மீடியாவிக்கி என்னும் திறந்த மூல மென்பொருளில், யூனிகோட் தமிழில் அமைந்தது. ஆதலால் எவ்வியங்குதளத்திலிருந்தும் ஒரு நூலைத் தேடலாம். ஏறத்தாழ இதே காலத்தில் புலம்பெயர் ஈழத்தவரான சுரதா, பாமினி முதலான பழைய குறியீடுகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவியை இணைய உலாவியிலேயே இயங்குமாறு ஆக்கி வழங்கினார். வின்டோஸில் தங்கிநிற்காத அக்கருவி இல்லங்கள் பலவற்றுக்குப் பாலமாயிற்று. 2008இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 1326ஆம் இலக்க நியமம் தமிழ்க் குறியீட்டை யூனிகோடுக்கு இயைய வகுத்தது.

தமிழகத்தில் இம்முயற்சியை அரசு முன்னின்று நடத்தியது. எல்காட் நிறுவனம் உமாசங்கரின் தலைமையில் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வின்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்க்கப்பட்டது. கொழும்பிலே தமிழ் இல்லங்களுக்கு அத்தகைய பின்பலம் எதுவும் இருக்கவில்லை.

நிலைமை இன்று மாறியுள்ளது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் டொலரொன்றின் பெறுமதி சில மாதங்களில் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாயிற்று. புதிய கணினி மத்தியதர வர்க்கத்துக்கும் எட்டாப் பொருளானது. 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்போ பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. பழுதின்றி இயங்கும் பொறியை நிறுவனத்தின் முடிவொன்று கழிவுப் பொருளாக்குகின்றது. ஆக, பணம் இப்போதுதான் முதன்முதலாக உண்மைக் காரணமாகின்றது. எழுத்துருத் தடை பெரும்பாலும் நீங்கிய பின்னரே அது நேர்ந்துள்ளது.

பெரும்பாலும் என்றதற்குக் காரணமுண்டு. இக்கட்டுரையாளரின் உறவினர் ஒருவரது கொட்டாஞ்சேனை இல்லத்தில் 2025 இறுதியிற் பத்தாண்டுப் பழமையான கணினியொன்றுக்கு லினக்ஸ் மின்ற் நிறுவப்பட்டது. ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்தது. மோடம் காலத்து இடர்களில் ஒன்றேனும் தலைகாட்டவில்லை. பழைய கோப்புகளுள் 2003இல் இறந்த பெரியவர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு இருந்தது. நான்கு தலைமுறை வம்சாவளி அதிலுண்டு. அச்சிட்ட பிரதிகள் இடப்பெயர்வுகளில் தொலைந்துவிட்டமையால் எஞ்சியது அக்கோப்பு ஒன்றே. திறந்தபோது பொருளற்ற ஆங்கிலமே தெரிந்தது. பாமினியை நிறுவியதும் தமிழ் தோன்றியது. யூனிகோடுக்கு மாற்றினோம். திரையில் யாவும் செம்மையாகவே இருந்தன. ஆனால் 'நல்லூர்' எனத் தேடியபோது ஓரிடத்திலும் இல்லையெனக் கணினி கூறிற்று.

கண்ணுக்கு முன்னால் நல்லூர் இருந்தது. தட்டெழுத்துப் பொறியில் ரி, ர் ஆகியவற்றைத் தட்டுவதற்கு ரகரத்தின் விசையை விடுத்து, அரவு எனப்படும் காலின் விசையையே பயன்படுத்துவர். பாமினி அவ்வழக்கத்தை அப்படியே ஏற்றது. மாற்றும் கருவி சிலவிடங்களில் இதனை உணராது காலையும் புள்ளியையுமே பதிந்து வைத்துவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பொறிக்கு வேறு வேறு. காலும் புள்ளியும் சேர்ந்து வந்த இடங்களையெல்லாம் ரகர மெய்யாக மாற்றிய பின்னர் நல்லூர் பதினோரிடங்களிற் கிடைத்தது. பன்னிரண்டாவதில் அதனைத் தட்டியவர் ஒரு லகர மெய்யை விட்டிருந்தார். வீட்டார் அதனைத் திருத்த வேண்டாம் என்றனர்.