லேவியரில் நின்றுபோகும் வாசிப்பும் ஏலாக்குறிச்சி வேதியர்களும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் பொறுத்துக்கொண்டவர்கள் இங்கேயும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து பழைய மாணவன் ஒருவன் பேசினான். 1994இல் பெரம்பலூரில் என்னிடம் வரலாறு படித்தவன். நலம் விசாரித்து முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், ஒவ்வொரு ஜனவரியும் பைபிளை முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன். ஆதியாகமம் ஓடிடுது. யாத்திராகமமும் பாதி வரைக்கும் ஓடுது. லேவியராகமம் வந்ததும் நின்னுடுது. எட்டு வருஷமா இதே கதை. நீங்க மட்டும் எப்படி சார் தினமும் விடாம வாசிக்கிறீங்க?"

நான் விடாமல் வாசிப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றிப் பிறகு. வரலாற்று வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் முந்நூறு வருடம் பின்னால் போய்த்தான் பதில் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அரியலூரிலிருந்து தெற்கே, கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோவிலுக்குப் போகாதவர்கள் நம்மில் குறைவு. மதம் பார்க்காமல் எல்லாரும் போகிற கோவில் அது. அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்துக் கலம்பகம் பாடியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் இந்தியா வந்த சேசு சபைத் துறவி. அரியலூர் மழவராயருக்கு வந்த ராஜபிளவையை அவர் குணப்படுத்தினார், அதற்காகக் கோவிலுக்கு நிலம் கிடைத்தது என்று இன்றைக்கும் அங்கே சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குரு கதை என்று மூன்று பெயர்களோடு முடித்துவிடுவோம். நானும் அப்படித்தான் முடித்திருக்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

அந்தப் பட்டியலில் நான் விட்ட ஒரு புத்தகம் 'வேதியர் ஒழுக்கம்'. 1720களின் பிற்பகுதியில் எழுதிய உரைநடை நூல். வேதியர் என்றால் அங்கே வேதம் ஓதும் அந்தணர் அல்ல. ஊர் ஊராகக் கிறிஸ்தவர்களுக்கு மறையைச் சொல்லிக்கொடுத்த உபதேசியார். அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு சாமியாருக்குப் பத்து நாற்பது கிராமம். ரயிலில்லை, பாலமில்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தால் அக்கரை அக்கரைதான். பூசைக்கு அவர் வருவது வருடத்தில் சில நாள். மிச்ச நாளெல்லாம் அந்த ஊரின் வேதம் உபதேசியாரின் வாயில்தான் இருந்தது. சாயங்காலம் சனங்களைக் கூட்டுவது, செபம் சொல்லவைப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், சாகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது எல்லாம் அவர் வேலை. ஊருக்குச் சொல்கிறவன் முதலில் தானே தினமும் உட்கார்ந்து தியானிக்க வேண்டும், அது அறுந்தால் ஊரும் அறுந்துபோகும் என்ற கவலையில்தான் முனிவர் வேதியருக்கென்று தனி நூலே எழுதினார் என்பது என் எண்ணம். சேசு சபையாருக்கு அது புதிதல்ல. நாள்தோறும் தியானம், நாள்தோறும் மனச்சோதனை என்பது இஞ்ஞாசியார் அவர்களுக்குப் போட்டுக்கொடுத்த பாதை.

இதே காலத்தில் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சின்ன ஊரில் இன்னொன்று நடந்தது. 1728இல் சின்சென்டோர்ப் பிரபு தன் ஊர் மக்களுக்கு மறுநாளைக்கென்று ஒரு வசனம் கொடுத்தார். காலையில் ஆள் வைத்து வீடு வீடாக அதைச் சொல்லி அனுப்பினார்கள். 1731இலிருந்து அது புத்தகமாக அச்சாகிறது, இன்றுவரை வருடந்தோறும் வருகிறது. எழுத்தில் வருவதற்கு முன்னால் அதுவும் ஒரு மனிதன் கதவைத் தட்டிச் சொன்னதுதான்.

நம் பக்கத்தில் அச்சு வேதாகமம் தரங்கம்பாடியில் பிறந்தது. சீகன்பால்கு 1706இல் வந்திறங்கினார். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. தஞ்சை மன்னர் படையில் இருந்த இராசநாயக்கன் என்ற கத்தோலிக்கர் அந்த அச்சுப் பிரதியை வாசித்தே லுத்தரன் பக்கம் போய், பிறகு அவர்களுக்கு உபதேசியாராக உழைத்தார். வீரமாமுனிவருக்கு இதெல்லாம் பிடிக்குமா? அவர்கள் தமிழையும் கொள்கையையும் கடுமையாகத் தாக்கி 'வேத விளக்கம்' எழுதினார். சண்டை சாதாரணச் சண்டை அல்ல. ஆனால் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் எங்கே அச்சானது தெரியுமா? அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்தில்! இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சு வரைக்கும் நிமிர்ந்து உட்காரும்.

இந்தப் பிரிவு வீட்டுக்குள்ளும் வந்தது. சீர்திருத்த சபைக் குடும்பங்களில் புத்தகம் கையில் இருந்தது; தலைவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும் குடும்ப ஜெபம் இருந்தது. எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் மணி இருந்தது. 1960களில் எங்கள் ஊரில் திரிகால மணி அடித்ததும் அப்பாயி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு முட்டிபோடுவார். ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் பாடுகளின் வரலாற்றை மூச்சு விடாமல் சொல்வார். முழு பைபிளை நான் முதலில் பார்த்ததே பக்கத்துத் தெரு லுத்தரன் வாத்தியார் வீட்டில்தான்.

1965 நவம்பரில் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. விசுவாசிகள் எல்லாருக்கும் வேதாகமம் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றது. 1969இல் புதிய வாசக ஒழுங்கு வந்தது: ஞாயிறுக்கு மூன்று வருடச் சுற்று, வாரநாளுக்கு இரண்டு வருடச் சுற்று. இதில் ஒரு சௌகரியம் உண்டு. இன்று எதை வாசிப்பது என்று நாம் யோசிக்க வேண்டியதில்லை. நாட்காட்டியைப் பார்த்தால் போதும். ரோமிலும் அதே பகுதி, திருமானூரிலும் அதே பகுதி.

பிறகு 1995இல் பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க அறிஞர்களும் சீர்திருத்த சபை அறிஞர்களும் சேர்ந்து உட்கார்ந்து செய்தது. கொள்ளிடத்தின் இரு பக்கமும் நின்று திட்டிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள்! நான் ஒரு பிரதி வாங்கிவந்து அம்மாவுக்கு வாசித்தேன். நாலு நாள் கேட்டுவிட்டு, "யாருடா அந்த யோவான்? புது ஆளா?" என்றார். அதுவரை எங்கள் வீட்டில் அவர் அருளப்பர். பேதுரு இராயப்பர், பவுல் சின்னப்பர். பெயரைப் பழக்க ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு அம்மா இருந்த வரைக்கும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் வாசிப்பு நிற்கவில்லை. அம்மாவுக்குப் பின் என் மனைவி கேட்டார்.

மனைவி இறந்த பிறகு இரண்டு வருடம் நான் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கோபம் ஒன்றுமில்லை. கண்புரை என்று பிள்ளைகளிடம் சொன்னேன், அறுவைச்சிகிச்சை முடிந்த பிறகும் அதையே சொன்னேன். கேட்க ஆளில்லாமல் வாசிக்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அத்தனை வருடமும் நான் பக்தியோடு வாசித்ததாக நினைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்து இரண்டு பெண்கள் காத்திருந்ததால்தான் வாசித்திருக்கிறேன்.

இதை அந்த மாணவனிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து வாசிப்போமா சார்?" என்றான். முதல் பக்கத்திலிருந்து வேண்டாம், நீ நின்ற இடத்திலிருந்தே தொடங்குவோம் என்றேன். எனக்கு இரவு ஏழு, அவனுக்கு ஒன்பதரை. அவன் கையில் 1871இல் பவர் ஐயர் குழு முடித்த பழைய மொழிபெயர்ப்பு, என் கையில் 1995. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். ஒருநாள் அவன் வாசிப்பான், ஒருநாள் நான். நடுவில் இரண்டு நாள் அவனுக்கு ஷிப்ட் மாறி விட்டுப்போனது. விட்டதைச் சேர்த்துப் பிடிக்க வேண்டாம், அன்றைய அதிகாரத்தை மட்டும் வாசி என்று சொல்லிவிட்டேன். பாக்கி சேர்ந்தால்தான் ஆள் ஓடிப்போகிறான். இது வட்டிக்கடைக்காரருக்கும் தெரியும்.

பதின்மூன்றாம் அதிகாரம், தோல் நோய் பற்றி நீளமாக வரும். "இங்கதான் சார் எட்டு வருஷமா விழுந்தேன்" என்று சிரித்தான். நேற்று பத்தொன்பது. வயலை ஓரம் வரைக்கும் அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, ஏழைக்கு விட்டுவிடு என்று வருகிற இடத்தில் அவன் குரல் நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். "கடலை பிடுங்கின கொல்லையில எங்கம்மா விட்டுப்போனதைப் பொறுக்குவாங்க சார். சில பேர் விரட்டுவாங்க. நானும் கூடப் போயிருக்கேன்" என்றான். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் மீதியை வாசித்து முடித்தான்.

இன்று என் முறை, இருபதாம் அதிகாரம். தண்டனைகளாக வரும், கொஞ்சம் கடுமையானது. மணி ஏழாகப் போகிறது. கண்ணாடியைத் தேட வேண்டும், இத்தோடு நிறுத்துகிறேன்.