படச்சுருளும் ஓர் அமானிதமே

திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழலில் வாழும் நமக்கு வரலாறு ஏட்டில் மட்டும் இருப்பதன்று. 1755-ஆம் ஆண்டில் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்து சேர்ந்ததையும், அவருடைய இளைய சகோதரி அமீருன்னிஸா பேகம் இம்மண்ணிலேயே அடக்கம் பெற்றதையும் பேகம்பூரின் பள்ளிவாசலும் கல்லறையும் இன்றளவும் நமக்கு நினைவூட்டி நிற்கின்றன. கல்லில் எழுந்தவை காலத்தைத் தாங்கின. ஓலையிலும் தாளிலும் எழுதப்பட்டவற்றை அடுத்தடுத்துப் படியெடுத்தோர் காத்தனர். சென்ற நூற்றாண்டில் மனித வாழ்வைப் பதிந்து வைக்கப் புதியதொரு சாதனம் வந்தது. அதுவே திரைப்படம். அதனைக் காத்தவர் யார், காவாது விட்டவர் யார் என்னும் வரலாறு நம் இல்லங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. அவ்வரலாற்றில் நம் திண்டுக்கல்லுக்கும் ஒரு சிறு தொடர்புண்டு என்பதைப் பலர் அறியார்.

'திரைப்படமா?' என்று பெரியவர்கள் சிலர் புருவம் நெரிக்கக் கூடும். உருவம் வரைதல், படம் பிடித்தல் ஆகியன குறித்து உலமாப் பெருமக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு இருந்து வருவதை நாம் அறிவோம். அந்த மஸ்அலாவை இங்கே அவிழ்க்க நாம் முற்படவில்லை. கொட்டகைகளில் காசுக்காக ஓடும் ஆடல் பாடல் படங்களைப் பற்றிப் பேசவும் வரவில்லை. இலாபம் கருதாமல், அறிவு கருதி, கலைக்கூடங்களிலும் கல்லூரி மண்டபங்களிலும் சிறு சங்கங்களிலும் திரையிடப்பட்ட படங்களின் கதையையே ஈண்டுக் கூறப் புகுகிறோம்.

திண்டுக்கல்லின் முதல் உறுப்பினர்

1952-ஆம் ஆண்டில் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர் அம்மு சுவாமிநாதன் அம்மையார். 1894-இல் பாலக்காட்டுச் சீமையின் ஆனக்கரையில் பிறந்தவர். பள்ளிக்கூடம் சென்று முறையாகப் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. வீட்டிலிருந்தபடியே கல்வி பெற்று, மாதர் இயக்கத்திலும் விடுதலைப் போரிலும் ஈடுபட்டு, அரசியல் நிர்ணய சபையிலும் அங்கம் வகித்தவர். நேதாஜியின் படையில் பணியாற்றிய காப்டன் லட்சுமியும், நாட்டியக் கலைஞர் மிருணாளினி சாராபாயும் அவருடைய பெண்மக்களே.

இவ்வளவும் நாடறிந்த செய்தி. அறியாத செய்தி ஒன்றுண்டு. சென்னைத் திரைப்படச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். 1959-ஆம் ஆண்டில் கல்கத்தா, டில்லி, சென்னை, பம்பாய், பாட்னா, ரூர்க்கி ஆகிய நகரங்களின் சங்கங்கள் ஒன்றுகூடி இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை நிறுவின. அதற்குத் தலைவராக அமர்ந்தவர் வங்காளத்து இயக்குநர் சத்யஜித் ரே. துணைத் தலைமைப் பொறுப்பை ஏற்றார் அம்மு சுவாமிநாதன். புகையிலையும் தோலும் பூட்டும் விளையும் இந்தத் தொகுதியின் வாக்காளர்கள், தாம் டில்லிக்கு அனுப்பிய அம்மையார் இப்படியொரு பணிக்கும் தோள் கொடுப்பார் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். அக்காலத்தில் இச்சமவெளியின் சிற்றூர்களில் சினிமா என்றால் டூரிங் டாக்கீஸ்தான். மணல் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்த கூட்டம்தான்.

சங்கங்களின் பணி

திரைப்படச் சங்கம் என்பது யாது? சந்தா செலுத்திய உறுப்பினர்களுக்கு மட்டுமே படம் காட்டும் அமைப்பு அது. வாயிலில் டிக்கெட் விற்பனை இல்லை. வாடகைக்கு எடுத்த மண்டபம், 16 மில்லிமீட்டர் படக்கருவி, வெள்ளைத் திரை இவையே அதன் மூலதனம். பிரெஞ்சு, ருஷ்ய, ஜப்பானியப் படங்களைத் தூதரகங்களிடமிருந்து இரவல் பெறுவார்கள். ஒரு சங்கம் பார்த்து முடித்த பெட்டி இரயிலேறி அடுத்த ஊரின் சங்கத்துக்குச் செல்லும். 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றிய பின்னர், அதன் பிரதிகளும் இவ்வாறே ஊர் ஊராகச் சென்றன. படம் முடிந்தபின் உறுப்பினர்கள் கலைந்து விடுவதில்லை, அமர்ந்து விவாதிப்பார்கள். இயக்குநர் ஏன் இப்படிக் காட்டினார், எதைக் காட்டாது விட்டார் என்பதைப் பேசுவார்கள்.

மத்ரஸாவில் ஓதிய நமக்கு இம்முறை முற்றிலும் அந்நியமாகத் தோன்றவில்லை. பழைய அரபுச் சுவடிகளின் ஓரங்களிலும் இறுதி ஏடுகளிலும் 'ஸமாஉ' என்னும் குறிப்புகளைக் காணலாம். இந்நூல் இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன ஆசிரியர் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. அமர்ந்து கேட்டோர் இன்னின்னார் என்று அங்கே எழுதப்பட்டிருக்கும். டமாஸ்கஸ் நகரத்துச் சுவடிகளில் பெண்டிர், சிறுவர் ஆகியோரின் பெயர்களும் அப்பட்டியல்களில் இடம்பெற்றுள்ளன. நூல் பேழையில் இருந்தால் மட்டும் போதாது. அவையில் வாசிக்கப்பட வேண்டும், கேட்டோர் அதற்குச் சாட்சியாக வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. படச்சுருளுக்கும் அந்நெறி பொருந்தும் என்பதை மேல்வரும் வரலாறு காட்டும்.

அருங்காட்சியகத்தில் ஒரு வங்காளப் படம்

1925-ஆம் ஆண்டில் இலண்டனில் திரைப்படச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஐரிஸ் பாரி என்னும் பெண்மணியும் ஒருவர். அவர் பின்னர் அமெரிக்கா சென்றார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1935-இல் திரைப்பட நூலகம் நிறுவப்பட்டபோது அதன் பொறுப்பை ஏற்றார். ஓவியத்தையும் சிற்பத்தையும் போலப் படச்சுருளையும் சேகரித்துக் காத்து, பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்னும் எண்ணம் அன்று பலருக்குப் புதிது. சந்தையில் ஓடி முடிந்த படம் குப்பை என்றே படத்தொழிலில் இருந்தவர்கள் கருதிய காலம் அது.

அந்த அருங்காட்சியகத்தில் 1955-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் இந்திய நெசவுகளையும் அணிகலன்களையும் கொண்ட கண்காட்சி ஒன்று நடந்தது. சின்னாளப்பட்டித் தறிகளின் ஓசை கேட்டு வளர்ந்த நமக்கு, கடல் கடந்த நாட்டில் நம் நாட்டுத் துணிக்குக் கிடைத்த அம்மரியாதை மகிழ்வு தரத்தக்கதே. கண்காட்சியை ஒட்டி உஸ்தாத் அலி அக்பர் கான் சரோத் வாசித்தார். சாந்தா ராவ் நடனமாடினார். கண்காட்சிக்காகப் பொருள் தேடிக் கல்கத்தா வந்திருந்த அருங்காட்சியக அலுவலர் மன்றோ வீலர், அங்கே பாதி முடிந்த நிலையிலிருந்த ஒரு படத்தின் நிழற்படங்களைக் கண்டு வியந்தார். படத்தை முடித்து அனுப்புமாறு கேட்டுக் கொண்டார். அதுதான் 'பதேர் பாஞ்சாலி'.

கைப்பணமும் மனைவியின் நகையும் கரைந்து, பணமின்றி நின்றுபோன படம் அது. மேற்கு வங்க அரசு பின்னர் உதவியது. படப்பெயரில் 'பாதை' என்னும் பொருள் இருந்தமையால், சாலை மேம்பாட்டுக் கணக்கில் அத்தொகை காட்டப்பட்டது. இரவு பகல் பாராமல் வேலையை முடித்து, ஆங்கில எழுத்துகள் சேர்க்கக் கூட நேரமின்றிப் பிரதியை அனுப்பி வைத்தார் ரே. 1955 மே 3-இல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் அது முதன்முதலாகத் திரையிடப்பட்டது. கல்கத்தாக் கொட்டகைகள் அதனைக் கண்டது அதே ஆண்டு ஆகஸ்டில்தான். அடுத்த ஆண்டு கான் விழாவில் மனித வாழ்வின் சிறந்த ஆவணம் என்னும் பரிசும் கிட்டியது.

கதை அத்துடன் முடியவில்லை. 1993-இல் இலண்டனில் ஒரு படச்சாலையில் நேர்ந்த தீயில் ரேயின் படங்கள் பலவற்றின் மூல நெகட்டிவுகள் சேதமுற்றன. எஞ்சிய சுருள்களைத் தூக்கி எறிந்து விடாமல் வைத்திருந்தார்கள். இத்தாலியின் பொலோஞாவில் கைவினைஞர்கள் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் உழைத்து, கருகிய சுருள்களை அங்குலம் அங்குலமாகச் செப்பனிட்டார்கள். மீட்கப்பட்ட 'பதேர் பாஞ்சாலி' 2015 மே மாதத்தில், அறுபது ஆண்டுகள் கழித்து, அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில் மீண்டும் திரையேறியது.

நாம் இழந்தவை

இனி நம் தமிழகத்தின் பக்கம் திரும்புவோம். 1917-ஆம் ஆண்டளவில் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசகவதம்' இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இல்லை. நைட்ரேட் சுருள் தீப்பற்றும் தன்மையது. வெப்பத்தில் உருகிக் கெடுவது. ஓடி முடிந்த சுருள்களை அதிலுள்ள வெள்ளிக்காக விற்றவர்களும் உண்டு. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த மௌனப்படம் 'மார்த்தாண்ட வர்மா' பிழைத்ததற்குக் காரணம் விந்தையானது. கதையின் உரிமை பற்றி வழக்கு மூண்டு, படப்பெட்டி கைப்பற்றப்பட்டுப் பதிப்பகத்தாரிடம் கிடந்தது. புனேக் காப்பகம் அதனை 1974-இல் மீட்டது. காக்க வேண்டும் என்று எவரும் காத்ததன்று. பூட்டிக் கிடந்ததால் தப்பியது.

மற்றொரு படத்தின் கதை இன்னும் உருக்கமானது. கோட்டையூர் ஏ.கே. செட்டியார், வயது முப்பதைத் தொடாத இளைஞராக, 1937-இல் கப்பற் பயணம் ஒன்றின்போது காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் தொகுக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். நடிகர் இல்லை, பாடல் இல்லை, பெரு முதலாளி இல்லை. முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்த காட்சிகளைத் தேடிப் பல நாடுகளில் ஏறக்குறைய ஒரு இலட்சம் மைல் அலைந்தார். 50,000 அடிப் படம் சேர்ந்தது. அதிலிருந்து தொகுத்த தமிழ்ப்படம் 1940 ஆகஸ்ட் 23-இல் சென்னையில் வெளியாயிற்று. அந்நிய ஆட்சியின் கெடுபிடியால் அது நெடுநாள் உலவ இயலவில்லை. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் ஒன்றையும் செட்டியார் உருவாக்கினார். பின்னர் மூலத் தமிழ் வடிவம் காணாமற் போயிற்று. அந்த ஆங்கில வடிவத்தின் பிரதியை இந்நூற்றாண்டில் வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டறிந்தார்.

நம்மூரிலிருந்து மதுரை தொலைவில் இல்லை. அங்கே 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், அவர் இறுதி நாளில் உடுத்தியிருந்த குருதிக்கறை படிந்த ஆடை கண்ணாடிக்குள் காக்கப்படுகிறது. அந்த ஆடைக்குக் கிடைத்த பேழை, அவருடைய நடையையும் முகத்தையும் தமிழ்க் குரலோடு தாங்கிய சுருளுக்குக் கிட்டவில்லை.

ஆக்ராவின் தோல், திண்டுக்கல்லின் தோல்

இதனால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு 'கரம் ஹவா'வை நினைவூட்ட விரும்புகிறோம். மைசூரைச் சேர்ந்த எம்.எஸ். சத்யூ இயக்கி, இஸ்மத் சுக்தாயின் கதைக்குக் கைஃபி ஆஸ்மியும் ஷமா ஸைதியும் திரைவடிவம் தந்த படம். ஆக்ராவில் செருப்புத் தொழிற்கூடம் நடத்தும் சலீம் மிர்ஸா, பிரிவினைக்குப் பின் உறவினர் ஒவ்வொருவராக எல்லை கடக்க, தான் மட்டும் போக மறுத்து நிற்கிறார். கடன் கொடுப்போர் கதவடைக்கிறார்கள். பிறந்த வீடு கைவிட்டுப் போகிறது. அரசு நிதிக் கழகம் கொடுத்த சிறு கடனில் எடுக்கப்பட்டது இப்படம். கலவரம் மூளும் என்ற அச்சத்தால் தணிக்கையில் பல திங்கள் தேங்கிக் கிடந்தது. இறுதியில் 1974-இல் பெங்களூரில் வெளியாயிற்று. நாட்டு ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதும் பெற்றது. செப்பனிடப்பட்டு 2014-இல் மீண்டும் திரைக்கு வந்தது.

தோல் பதனிடும் தொழிலில் தலைமுறைகளாக உழன்ற குடும்பங்கள் திண்டுக்கல்லில் எத்தனையோ உள்ளன. மிர்ஸாவின் பட்டறையைத் திரையில் காணும் அவர்கள் அதனை அயலார் கதையென்று எண்ண மாட்டார்கள். இப்படிப்பட்ட படம் பெட்டிக்குள் கிடந்து மடிந்திருப்பின், அக்காலத்து முஸ்லிம் குடும்பமொன்றின் துயரை நம் பிள்ளைகள் கண்ணாரக் காணும் வாய்ப்பு மறைந்திருக்கும்.

நாம் செய்யத்தக்கது

அமானிதம் என்பது பொன்னும் பொருளும் மட்டுமன்று. ஒரு சமுதாயத்தின் நினைவும் அமானிதமே. இன்று படம் காண மண்டபமோ கருவியோ தேடி அலைய வேண்டியதில்லை. எனினும் ஒன்றுகூடி அமர்ந்து கண்டு, ஆய்ந்து பேசும் பழக்கம் அருகி வருகிறது. நம் நகரில் கல்லூரிகள் உள்ளன. அருகே காந்திகிராமம் உள்ளது. அங்குள்ள ஆசிரியர்கள் திங்களுக்கு ஒரு நல்ல படத்தைத் தேர்ந்து, முன்னதாகத் தாம் பார்த்துத் தெளிந்து, மாணவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் காட்டி உரையாடலாம். அம்மு சுவாமிநாதன் அம்மையார் வகித்த பொறுப்புக்கு அவருடைய தொகுதி செலுத்தும் நன்றியாகவும் அது அமையும்.

ஒவ்வொரு வீட்டிலும் பழைய நிழற்படங்கள், திருமண வீடியோ நாடாக்கள், வெளிநாட்டிலிருந்து தந்தையர் அனுப்பிய ஒலிநாடாக்கள் பூஞ்சணம் பூத்துக் கிடக்கின்றன. மறைந்துபோன பாட்டியின் குரல் அவற்றுள் இருக்கலாம். இடிக்கப்பட்டுவிட்ட தெருவின் தோற்றம் இருக்கலாம். அவற்றை எடுத்துத் துடைத்து, இன்னார், இன்ன ஆண்டு என்று எழுதி வைத்து, புதுப் பிரதி எடுக்கும் பணியை இந்த விடுமுறையிலேயே பிள்ளைகளிடம் ஒப்படைப்போமாக. பெயர்களைச் சொல்லக் கூடிய முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அது நடைபெற வேண்டும்.