வண்ணப்பூச்சுச் சந்தையில் போட்டியின் களம்: டிண்டிங் மெஷினும் டீலர் கடையும்

இந்திய வண்ணப்பூச்சுத் துறையில் இன்று நடக்கும் மோதலை விலைப் போர் என்றே பெரும்பாலோர் எழுதுகிறார்கள். 2024 பிப்ரவரியில் கிராசிம் நிறுவனம் ‘பிர்லா ஓபஸ்’ என்ற பெயரில் இச்சந்தைக்குள் வந்தது. முதலீடு 10,000 கோடி ரூபாய். பானிபட், லூதியானா, செய்யாறு, சாமராஜநகர், மகாட், கரக்பூர் ஆகிய ஆறு ஊர்களில் ஆலைகள், ஆண்டுக்கு 133.2 கோடி லிட்டர் உற்பத்தித் திறன். இவ்வளவு சரக்கு வந்து குவிந்தால் விலை இறங்கும், முன்னோடிகளின் பங்கு கரையும் என்பது பாடநூல் கணக்கு. அது பாதிதான் சரி. போட்டி தீர்மானமாவது டீலர் கடைக்குள், கேட்ட நிறத்தைக் கலந்து தரும் டிண்டிங் மெஷின் நிற்கும் சில சதுர அடியில்.

பெயிண்ட் செய்முறையில் பெரிய ரகசியம் இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடு, அக்ரிலிக் பைண்டர், சுண்ணாம்புக்கல் தூள் போன்ற நிரப்பிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே சந்தையில் கிடைப்பவை. கச்சா எண்ணெய் விலை ஏறினால் எல்லோருக்கும் சேர்ந்தே ஏறும். பணம் இருப்பவர் ஆலை கட்டிவிடலாம்.

கடை அப்படி இல்லை. முன்பு ஒவ்வொரு ஷேடையும் ஒவ்வொரு டின் அளவிலும் கடைக்காரர் வாங்கி அடுக்க வேண்டியிருந்தது. விலை போகாத ஷேட் அலமாரியிலேயே கிடக்கும். இப்போது டிண்டிங் மெஷின் இருந்தால், நிறம் சேர்க்காத சில வகை பேஸ்களும் அவற்றில் விடப் பத்துப் பதினைந்து கலரன்ட்களும் போதும். வாடிக்கையாளர் ஷேட் கார்டில் விரல் வைக்கிறார். கடைப் பையன் பேஸ் டின்னைத் திறந்து மெஷினுக்கு அடியில் வைக்கிறார், கலரன்ட் சொட்டுச் சொட்டாக அளவோடு விழுகிறது, மூடியை அடித்து ஷேக்கரில் ஏற்றுகிறார். ஆயிரக்கணக்கான ஷேட் கிடைக்கிறது, டீலரின் பணமும் முடங்குவதில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் கலரன்டை இன்னொன்றின் பேஸில் விட்டால் கார்டில் காட்டிய நிறம் வராது. ஆகவே நிறுவனத்துக்கு ஒரு மெஷின். தினமும் ஓடாத மெஷினில் நாசில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். சிறிய கடையில் இரண்டு மெஷின் நிற்கலாம். மூன்றாவதற்கு இடமும் இல்லை, அதை ஓட்டும் அளவுக்கு வியாபாரமும் இல்லை. இலவசமாகக் கொடுத்தாலும் நிலைமை இதுதான்.

1942இல் பம்பாயில் தொடங்கிய ஏஷியன் பெயின்ட்ஸ் மொத்த வியாபாரிகளைத் தாண்டி நேராக டீலரிடம் சென்றது. மற்றவர்கள் யோசிக்காத காலத்திலேயே கணினியை வைத்துத் தேவையைக் கணித்தது. இது உழைத்துப் பெற்ற முன்னிலை, அதைக் குறைசொல்ல இடமில்லை. உழைப்பால் வந்த முன்னிலை எங்கே முடிகிறது, டீலர் மீதான அழுத்தம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் போட்டிச் சட்டத்துக்கு முன்னுள்ள கடினமான கேள்வி.

2019இல் ஜே.எஸ்.டபிள்யூ பெயின்ட்ஸ் இந்தியப் போட்டி ஆணையத்தில், ஏஷியன் பெயின்ட்ஸ் டீலர்களை அழுத்துகிறது என்று புகார் கொடுத்தது; விசாரணைக்குப் பின் 2022 செப்டம்பரில் ஆணையம் அதை முடித்துவைத்தது. 2025 ஜூனில் அதே நிறுவனம் டூலக்ஸ் விற்கும் அக்சோ நோபல் இந்தியாவின் பெரும்பான்மைப் பங்கை ஏறத்தாழ 9,000 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அந்தத் தொகையில் பெரும்பகுதி பிராண்டுக்கும், பல பத்தாண்டுகளாக உருவான டீலர் வலைக்கும் தரப்பட்ட விலை என்றே நான் வாசிக்கிறேன். கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டவர், கதவோடு வீட்டையே வாங்கிவிட்டார்.

அடுத்த மாதமே, கிராசிமின் புகாரின் பேரில் ஏஷியன் பெயின்ட்ஸ் மீது ஆணையம் புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது. அது முதல் நோக்கிலான கருத்து மட்டுமே, தீர்ப்பு அல்ல. மாற்று பிராண்டை வைத்த டீலருக்குக் கடன் வரம்பு குறைக்கப்பட்டதா, சலுகை மறுக்கப்பட்டதா என்பவை அங்கே ஆராயப்படும். இந்தக் கேள்விகள் தேவைதான், ஆனால் போதாது. மிரட்டல் எதுவும் இல்லாமலே டீலர் ஒதுங்கிக்கொள்வார்; ஒரு மாதக் கடன் கெடு அவருக்கு மூச்சு. விசாரணை மெஷின்களை எண்ண வேண்டும்: ஒரு கடையில் எத்தனை, யாருடையவை, எவை ஓடுகின்றன.

சிறிய ஊர்களில் டிஸ்டம்பரும் பிரைமரும் செய்து பிழைக்கும் உற்பத்தியாளருக்கு இந்தக் களத்தில் நுழைவே இல்லை. அமெரிக்கக் கடைகளில் பல நிறுவனங்களின் பேஸோடும் சேரக்கூடிய பொதுக் கலரன்ட்கள் நெடுங்காலம் புழங்கின. அதைப் போல மெஷின் கடைக்காரருக்கே சொந்தமாக இருந்தால் சிறியவரின் பேஸும் அதன் அடியில் வைக்கப்படும். அப்போது சுவரில் ஷேட் மாறிப்போனால் பொறுப்பேற்பவர் பேஸ் செய்தவரா, கலரன்ட் செய்தவரா, கடைக்காரரா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனம் முன்கூட்டியே வகுத்துத் தர வேண்டியிருக்கும்.